அரசு வேலை, கம்பெனி வேலை, சொந்தத் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தத் தொழில் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேலையைப் பற்றியே பேசுகின்றன: அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா, இருக்கிற வேலையை விடலாமா, வேலைக்கு வந்தவரை எப்படித் தக்கவைப்பது. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கே இடம்.

மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக குரூப் 4, குரூப் 2 என்று படித்துக்கொண்டிருக்கிறான். என் தம்பியின் லேத் பட்டறையை எடுத்து நடத்தச் சொன்னால், 'இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்' என்கிறான். படித்த பிள்ளைகள் எல்லாம் அரசு வேலைக்கே போனால் தொழிலை யார் பார்ப்பது என்று தம்பி கேட்கிறார். அவர் சொல்வது சரியா?
(ஒரு தந்தை, சேலம்)

பாதி சரி. அரசு வேலையில் போய்ச் சேர்ந்துவிட்டவர்களால் தொழிலுக்கு வருகிற இழப்பு குறைவு. அவர்கள் எண்ணிக்கையே கொஞ்சம்தான். பெரிய இழப்பு, சேரக் காத்திருப்பவர்களால். 2024-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். ஓர் இடத்துக்கு 320 பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பார்ப்பவர்களும் இதில் உண்டு. ஆனால் உங்கள் மகனைப் போல வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவர்களின் இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு வயது வரை எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

ஏன் காத்திருக்கிறார்கள் என்பதற்கு ஊதியக் குழு அறிக்கையே பதில் சொல்கிறது. ஏழாவது மத்திய ஊதியக் குழு 2015-ல் கொடுத்த அறிக்கைக்காக அகமதாபாத் ஐ.ஐ.எம். ஓர் ஒப்பீடு செய்தது. அரசின் கடைநிலை உதவியாளருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 22,579 ரூபாய். அதே வேலைக்குத் தனியாரில் 8,000 முதல் 9,500 ரூபாய். மேலே போகப்போக நிலைமை மாறிவிடும். அடிமட்டத்தில்தான் அரசு வேலையின் இழுப்பு பலமாக இருக்கிறது. அதனால்தான் பி.இ. படித்தவர் பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள இளநிலை உதவியாளர் பதவிக்கு எழுதுகிறார். அடிப்படைச் சம்பளம் 19,500, அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. பட்டறைக்காரர் தருவதாகச் சொல்லும் தொகையோடு ஒப்பிட்டால் பையன் கணக்குப் போடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை என்பது புரியும். பெண் வீட்டாரின் கணக்கு தனி.

இன்னொன்று. 2001 முதல் 2006 வரை தமிழக அரசு பெரும்பாலான பணிகளுக்கு ஆளெடுப்பை நிறுத்தி வைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகள் கம்பெனிக்கோ கடைக்கோ போய்விடுவார்கள் என்றுதானே தோன்றும்? பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் அந்தக் காலத்துத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. பட்டதாரி ஆண்கள் வேலையில்லாமல் இருந்த காலம் நீண்டது. தேர்வுக்குப் படிப்பது கூடியது. தடை நீங்கிப் பத்து வருடம் கழித்தும் அந்த வயதுக்காரர்களின் சம்பாத்தியம் குறைவாகவே இருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பதைத் தேர்வு எழுதுபவரால் சரியாகக் கணிக்க முடியாததும் இந்த நீளமான காத்திருப்புக்கு ஒரு காரணம் என்கிறது அந்த ஆய்வு.

ஆகவே மகனிடம் வாதாடாதீர்கள், அளந்து பாருங்கள். அவன் இதுவரை பார்க்காத ஒரு முழுத் தாளைக் கொடுத்து, மூன்று மணி நேரம் அலாரம் வைத்து, ஓ.எம்.ஆர். தாளில் 200 கேள்விகளையும் நிரப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே பத்து முறை பார்த்த பழைய வினாத்தாள் வேண்டாம். மதிப்பெண் பொய்யாக ஏறித் தெரியும். குரூப் 4-ல் தமிழுக்கு 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி கணக்கிலேயே வராது. மொத்த மதிப்பெண்ணை அவனுடைய பிரிவின் கடைசி கட்-ஆஃபோடு வைத்துப் பாருங்கள். ஐந்தாறு கேள்வி தூரம் என்றால் இன்னொரு முறை எழுதட்டும். மூன்று வருடம் படித்த பிறகும் முப்பது கேள்வி தூரம் என்றால் நான்காவது வருடம் அந்தத் தூரத்தைக் கடக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

பட்டறையில் அவனை லேத் முன்னால் நிறுத்த வேண்டாம், அதற்கு ஆள் இருப்பார்கள். விலை போடுகிற வேலையைக் கொடுங்கள். சிறு பட்டறைகள் நொடிப்பது பெரும்பாலும் அங்கேதான். உதாரணமாக, ஒரு மெஷினுக்கு மாதம் தவணை, ஆள் கூலி, கரண்ட், வாடகைப் பங்கு எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? 26 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 208 மணி என்று வகுத்து, மணிக்கு 250 ரூபாய் என்று ரேட் சொல்லிவிடுகிறார்கள். ஜாப் செட் செய்வது, டூல் மாற்றுவது, அளவு பார்ப்பது, கரண்ட் போவது, மெட்டீரியல் வராமல் நிற்பது எல்லாம் போக மெஷின் உண்மையில் வெட்டுகிற நேரம் 130 மணி என்றால், அடக்கமே மணிக்கு 400. கைநிறைய வேலை ஓடும், மாதக் கடைசியில் பணம் இருக்காது. தினமும் எந்த ஜாப் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று ஆறு மாதம் நோட்டுப் போட்டு எழுதி, அதன்படி ரேட் திருத்துவது ஓர் இன்ஜினியர் செய்யக்கூடிய வேலை. மாலையில் மூன்று மணி நேரம் போதும், படிப்பும் கெடாது.

புத்திசாலிகள் இன்ஜினியர் ஆனால் நாடு வளரும், வக்கீல் ஆனால் வளராது என்று ஓர் ஆராய்ச்சி உண்டாமே? அதிகாரிகளுக்கும் இது பொருந்துமா?
(பொருளாதார மாணவி, தூத்துக்குடி)

1991-ல் மர்ஃபி, ஷ்லைஃபர், விஷ்னி என்ற மூவர் எழுதியது. பொறியியல் மாணவர்களின் பங்கு கூடுதலாக உள்ள நாடுகள் வேகமாக வளர்ந்தன, சட்ட மாணவர்களின் பங்கு கூடிய நாடுகள் பின்தங்கின என்று தரவு காட்டினார்கள். அதற்கு முந்திய வருடம் வில்லியம் பாமோல் சொன்னதன் தொடர்ச்சி அது: தொழில்முனைகிற குணம் எல்லாக் காலத்திலும் இருக்கும், எதற்குக் காசும் மரியாதையும் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் அது திரும்பும். லைசென்ஸ் வாங்கித் தருவதில் லாபம் அதிகம் என்றால் கெட்டிக்காரர்கள் அங்கே போவார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே பொறியியல் பட்டத்துக்குப் பஞ்சமில்லை, பட்டதாரிகள்தான் வேறு வரிசையில் நிற்கிறார்கள். பட்டத்தை எண்ணினால் வளர்ச்சி தெரியாது. பட்டம் வாங்கி ஐந்து வருடம் கழித்து ஆள் எங்கே இருக்கிறார் என்று எண்ண வேண்டும். அதிகாரிகளைப் பொறுத்தவரை, திறமையான ஆள் மாவட்டத் தொழில் மையத்திலோ மின்வாரியத்திலோ இருந்தால் நூறு தொழில்களுக்கு இணைப்பு சீக்கிரம் கிடைக்கும். அதை இழப்புக் கணக்கில் எழுதக்கூடாது.

துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கிறோம். 'பெல்' இருப்பதால்தான் திருச்சியில் இத்தனை தொழிலதிபர்கள் என்று ஒரு பேச்சு. 'பெல்' இருப்பதால்தான் வேறு தொழில் வளரவில்லை என்று இன்னொரு பேச்சு. எது உண்மை?
(யூனிட் உரிமையாளர், திருச்சி)

இரண்டும். திருவெறும்பூரில் மத்திய அரசின் 'பெல்' (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965-ல் வந்தது. பெரிய பொதுத்துறை ஆலை ஒன்று வந்தால் ஊரின் திறமையையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். ஆனால் அதே ஆலை வெல்டரை உருவாக்கியது, டிராயிங் படிக்கத் தெரிந்த ஃபிட்டரை உருவாக்கியது, தரப் பரிசோதனை என்றால் என்ன என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு தன் வேலையில் ஒரு பகுதியை வெளியே கொடுத்தது. துவாக்குடியின் நூற்றுக்கணக்கான யூனிட்டுகள் அப்படி வந்தவைதான். பொதுத்துறை ஆலை தொழில்முனைவோரை வளர்த்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் தேடவேண்டும்.

கோளாறு வளர்த்த விதத்தில் இருக்கிறது. இரும்பு பெல்லுடையது. நீங்கள் வெட்டி, வளைத்து, வெல்டு வைத்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. முதல் குறைவாக இருந்தவருக்கு இது வரப்பிரசாதம். 60 லட்ச ரூபாய் இரும்பைச் சொந்தக் காசில் வாங்காமல் தொழிலுக்கு வர முடிந்தது. ஆனால் இரும்பு வாங்கத் தெரியாது, ஆர்டர் பிடிக்கத் தெரியாது, எஸ்டிமேட் போடத் தெரியாது. இந்த மூன்றும் தேவைப்படாமலேயே இருபது வருடம் தொழில் நடந்தது.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 100 டன், டன்னுக்கு 12,000 ரூபாய் கூலி என்றால் வரவு 12 லட்சம். டன்னோடு கூடிக் குறைகிற செலவு (ஒப்பந்தக் கூலி, எலெக்ட்ரோடு, கேஸ், கரண்ட்) டன்னுக்கு 5,000, ஆக 5 லட்சம். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகிற செலவு (ஷெட், பேங்க் தவணை, நிரந்தர ஆட்கள், மின்வாரியத்தின் டிமாண்ட் சார்ஜ்) 5 லட்சம். மிச்சம் 2 லட்சம். இப்போது ஆர்டர் 40 டன்னாகிறது. வரவு 4.8 லட்சம், டன் செலவு 2 லட்சம் போக 2.8 லட்சம், நிலையான செலவு அதே 5 லட்சம். மாதம் 2.2 லட்சம் நஷ்டம். 72 டன்னுக்குக் கீழே எந்த மாதம் இறங்கினாலும் கைக்காசு போகும் என்பதுதான் இந்த யூனிட்டின் ஜாதகம். 2012-க்குப் பிறகு அனல்மின் நிலைய ஆர்டர்கள் நாடு முழுக்கச் சுருங்கியபோது துவாக்குடியில் நடந்தது இதுதான். வேலைத்திறன் அப்படியே இருந்தது, டன் இல்லை.

பணம் வருகிற தாமதம் இன்னொரு அடி. 100 டன் ஓடுகிற நல்ல மாதத்திலேயே பில் 90 நாளில் வருகிறது என்றால், மாதம் 10 லட்சம் வீதம் கையிலிருந்து போன 30 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். அதற்கு 11 சதவீத வட்டியில் மாதம் 27,500. சட்டப்படி குறு, சிறு யூனிட்டுகளுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இருக்கிற ஒரே வாடிக்கையாளர்மீது யார் புகார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் ட்ரெட்ஸ் (TReDS) என்ற இணையத் தளத்தைச் சொல்கிறோம்: வாங்குபவர் பில்லை அதில் ஏற்றுக்கொண்டுவிட்டால் வங்கிகள் ஏலத்தில் அதை வாங்கி உங்களுக்குப் பணம் கொடுத்துவிடும், முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான 'உதயம்' பதிவை முதல் சப்ளைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பொருளை அனுப்பிவிட்டுப் பிறகு பதிவு செய்தவர்களுக்குத் தாமத வட்டிச் சலுகை மறுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இப்போது ஆர்டர் மறுபடி நன்றாக இருக்கும் சமயத்தில்தான் இன்னொரு வாடிக்கையாளரைத் தேட வேண்டும். ஆர்டர் சுருங்கிய பிறகு தேடினால் விலை பேசும் பலம் இருக்காது. மொத்த டன்னில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று வருடத்தில் கொண்டுவரப் பாருங்கள். முதல் வெளி ஆர்டர் இரும்போடு சேர்ந்ததாக, சின்னதாக இருக்கட்டும், 5 டன், 10 டன். வெட்டும் வேஸ்ட், துரு, லாரி வாடகை, இரும்பு விலை ஏற்றம் எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் போடக் கற்றுக்கொள்ளும்போது பிழை வந்தாலும் தாங்கும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்ற 2012-ஆம் ஆண்டுக் கொள்கை பெல்லுக்கு மட்டுமல்ல, ரயில்வே, பெட்ரோலிய நிறுவனங்களுக்கும் உண்டு. டெண்டர் முன்வைப்புத் தொகையிலும் உங்களுக்கு விலக்கு கிடைக்கும்.

விண்வெளி ஸ்டார்ட்அப்புகளை எல்லாரும் புகழ்கிறார்கள். இஸ்ரோவில் மக்கள் பணத்தில் கற்றவர்கள் வெளியே போய்க் கம்பெனி வைப்பது சரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

சரிதான். ஸ்கைரூட் நிறுவனத்தை 2018-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய இருவரும் இஸ்ரோவில் இருந்தவர்கள். 2022 நவம்பரில் அவர்களுடைய முதல் ராக்கெட் பறந்தது. சென்னையின் அக்னிகுல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்தது. அதன் ராக்கெட் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் அதன் சொந்த ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. 2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டு, தனியாருக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பு வந்த பிறகுதான் இவர்களுக்கு இஸ்ரோவின் சோதனை வசதிகள் கிடைத்தன. அந்தக் கதவு திறக்காவிட்டால் அந்தத் திறமை வேறு நாட்டுக்குப் போயிருக்கும், அல்லது நாற்காலியிலேயே இருந்திருக்கும்.

வருவாய்த் துறையில் உதவியாளராக இருக்கிறேன். மனைவி பெயரில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்க ஆசை. நிர்வாகம் நான்தான் பார்ப்பேன். பிரச்சினை வருமா?
(பெயர் வேண்டாம், விழுப்புரம்)

'நிர்வாகம் நான்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை அந்த வரியில்தான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 முன் அனுமதி இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. மனைவி கடை வைப்பதற்குத் தடையில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்கிறார் என்பதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய கடைக்கு நீங்கள் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பதும் விதிமீறல்.

மாட்டிக்கொள்பவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்? கடை போர்டில் கணவரின் செல்போன் எண். கியூ.ஆர். அட்டையில் கணவரின் வங்கிக் கணக்கு. கடை வாடகை ஒப்பந்தத்தில் கணவரின் கையெழுத்து. புண்ணாக்கு வாங்க வருபவரிடம் அலுவலக நேரத்தில் பேசியது. புகார் போடுகிறவர் போட்டிக் கடைக்காரராகவும் இருக்கலாம், பக்கத்து மேஜைக்காரராகவும் இருக்கலாம். இவற்றைப் படம் எடுத்து அனுப்பினால் அவருக்குப் போதும். முதலீடு உங்கள் சம்பளத்திலிருந்து மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்பு என்றால், அந்த விகிதத்துக்கு லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி போடப்படும். மனைவியின் சொந்தச் சேமிப்பு, அவருடைய நகைக்கடன், அவர் பெயரில் வாங்கிய தொழில்கடன் என்று முதலுக்கு வழி தெளிவாக இருக்கட்டும். உண்மையிலேயே அவர் நடத்தட்டும். அவருக்கு விருப்பமில்லை என்றால் கடை வேண்டாம்.

நீங்களே நடத்துவதுதான் ஆசை என்றால், 20 வருடத் தகுதிப் பணி முடித்தோ 50 வயதிலோ மூன்று மாத முன்னறிவிப்போடு விருப்ப ஓய்வில் போகலாம். அதற்கு முன் ராஜினாமா செய்தால் அதுவரையிலான சேவை ஓய்வூதியக் கணக்கில் நிற்காது. மத்திய அரசு 2009-ல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் தங்கள் கண்டுபிடிப்பிலிருந்து உருவாகும் நிறுவனத்தில் பங்கு வைத்துக்கொள்ள வழி செய்தது. மற்ற ஊழியர்களுக்கும் இரண்டு மூன்று வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்து, தொழில் சரிப்படாவிட்டால் திரும்பி வரலாம் என்று வைத்தால் பினாமிக் கடைகள் பாதி குறையும் என்பது எங்கள் கருத்து.

பொதுத்துறை வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்து ஒரு வருடம். விலகி, நண்பனோடு தொழில் தொடங்க வேண்டும். குறித்த காலத்துக்கு முன் விலகினால் கட்டவேண்டிய 2 லட்ச ரூபாய் பாண்ட் சட்டப்படி செல்லுமா?
(வாசகர், கும்பகோணம்)

செல்லும். இப்படி மூன்று வருடம், 2 லட்சம் என்றிருந்த ஒரு பொதுத்துறை வங்கி பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தேர்வு நடத்தி ஆள் எடுக்க வங்கிக்கு ஆகும் செலவும் அதில் ஒரு காரணம். வழக்குக்கு அலைவதைவிட அதைத் தொடக்கச் செலவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். விலகினால் ஊழியர் கடன்களுக்கான சலுகை வட்டி போய்விடும் என்பதையும் சேருங்கள். கடன் பிரிவில் இன்னும் உட்காரவில்லை என்றால், ஒரு வருடம் பொறுத்து அங்கே மாறுதல் கேட்டுப் பாருங்கள். எந்த விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று மேஜையின் அந்தப் பக்கமிருந்து பார்த்தவருக்குப் பிறகு கடன் வாங்குவது சுலபம்.

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 9 வருடம் 4 மாதம். சொந்தமாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் செய்ய விலகப் போகிறேன். என்னென்ன முடித்துவிட்டு வரவேண்டும்?
(வாசகி, பெரும்பாக்கம்)

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனிகளே தொழில்முனைவோருக்கு நாற்றங்கால். ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் ஸோகோவில் இருந்தவர். சார்ஜ்பீயின் நிறுவனர்களிலும் ஸோகோக்காரர்கள் உண்டு. விற்பது, விலை வைப்பது, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவர்கள். நீங்கள் கோடு மட்டும் எழுதியிருந்தால், விலகும் முன் ஆறு மாதமாவது விற்பனை அல்லது சப்போர்ட் பக்கம் மாறிப் பாருங்கள்.

காகித வேலைகளில் முதலாவது பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு; ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள துண்டுக் காலம் ஒரு வருடமாகக் கணக்கிடப்படும். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவது நல்லது. பாஸ்புக்கில் சேவைக்காலம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொகை பெரிதில்லை: 15,000 ரூபாய் உச்சவரம்பில் 10 வருடத்துக்கு மாதம் சுமார் 2,143 ரூபாய். இரண்டு மாதத்துக்குக் காத்திருக்கலாம், இரண்டு வருடத்துக்கு வேண்டாம்.

வீட்டுக்கடனோ கார் கடனோ தேவை என்றால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடியுங்கள். தொழில் செய்பவரிடம் வங்கி இரண்டு, மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். ஆனால் அந்தத் தவணை உங்கள் மாதச் செலவில் ஏறும் என்பதால், தொழிலுக்கு முன் கடன் வாங்கிக் குவிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முன்கூட்டியே விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிவு கிடைக்கும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் அது மூன்று வருடம் வரை போகும்.

வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. இதை நம்பி வாடிக்கையாளர் பட்டியலை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ரகசியக் காப்பு ஷரத்து செல்லும். கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி நேரத்தில் எழுதிய கோடு கம்பெனிக்குச் சொந்தம். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரின் முதல் வரியை விலகிய பிறகு, உங்கள் லேப்டாப்பில், உங்கள் கணக்கில் எழுதுங்கள். பின்னால் முதலீட்டாளர் வந்தால் அவர் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பம்ப் செட் உதிரிபாகம் செய்கிறோம், 24 பேர். இரண்டு வருடம் பழக்கிய பையன் மின்வாரியத்துக்கோ ரயில்வேக்கோ போய்விடுகிறான். என்ன செய்வது?
(தொழில் உரிமையாளர், கோவை)

அரசு சம்பளத்தோடு போட்டி போட உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். போகிறவர்கள் சம்பளத்துக்காக மட்டும் போவதில்லை. பையனுக்குப் பைக் கடன் வேண்டும், பெண் பார்க்கும்போது காட்டக் காகிதம் வேண்டும், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. 24 பேர் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உங்களுக்குக் கட்டாயம். பாதிப் பேரைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தால் அந்தப் பாதிதான் முதலில் போகும். சம்பளத்தைக் கவரில் கொடுக்காமல் வங்கியில் போட்டு, மாதச் சீட்டுக் கொடுங்கள். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் ஏற்றினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும்; அதற்குள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவப் பாலிசி எடுத்துக் கொடுக்காவிட்டால், சம்பள உயர்வையே தண்டனையாக நினைப்பார்கள்.

தேர்வுக்கு விடுப்பு கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஒளித்து எழுதுகிறவன் பணி நியமன ஆர்டர் வந்தவுடன் சொல்லாமல் போவான்; உங்களுக்குத் தெரிந்து எழுதுகிறவன் ஒரு மாதம் முன்னால் சொல்வான், பதிலுக்கு ஒருவரைப் பழக்கிவிட்டும் போவான். எப்போதும் இரண்டு அப்ரண்டிஸ் இருக்கட்டும். 4 முதல் 29 பேர் உள்ள யூனிட்டுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது விருப்பம்தான், கட்டாயமில்லை. ஆனால் தேசியத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது.

சிறுதானியத் தின்பண்டம் செய்ய 12 லட்ச ரூபாயில் திட்டம் வைத்திருக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதியிருக்கிறேன். கடனுக்கு விண்ணப்பிக்கலாமா, முடிவு வரும்வரை பொறுக்கலாமா?
(வாசகி, உசிலம்பட்டி)

முதலில் கணக்கு. பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமப் பகுதியில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். 12 லட்சத்துக்கு நீங்கள் போடுவது 60,000. வங்கி கொடுப்பது 11.4 லட்சம், மானியம் 4.2 லட்சம். அந்த மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நிற்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. மூன்று வருடம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கடனில் வரவு வைப்பார்கள்.

இடையில் அரசு ஆசிரியர் வேலை கிடைத்தால் யூனிட்டை நீங்கள் நடத்த முடியாது. கணவர் பெயரில் இதே திட்டத்தில் இன்னொரு விண்ணப்பமும் போட முடியாது, கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்றுதான். யூனிட் நின்றால் மானியமும் போய், 11.4 லட்சம் கடனும் நிற்கும். ஆகவே தேர்வு விஷயம் தெளிவாகும்வரை பெரிய மெஷின் வேண்டாம். வீட்டு கிரைண்டரும் ஒரு சீலிங் மெஷினும் வைத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, பக்கத்துக் கடைகள் பத்தில் ஆறு மாதம் போட்டுப் பாருங்கள். எத்தனை பாக்கெட் திரும்பி வருகிறது, கடைக்காரர் எத்தனை நாளில் பணம் தருகிறார் என்ற இரண்டு எண்கள் கிடைக்கும்.

பிறகு கடனுக்குப் போகும்போது திட்ட அறிக்கையில் 12 லட்சத்தையும் மெஷினுக்கே எழுதிவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெஷின் வந்துவிடும், கம்பும் வெல்லமும் வாங்கக் காசு இருக்காது. கடைகள் 30 நாள் கடன் கேட்கும் என்றால் குறைந்தது இரண்டு மாத மூலப்பொருள், கூலி, பேக்கிங் செலவை நடைமுறை மூலதனமாகக் காட்டுங்கள். காட்டிய நடைமுறை மூலதன வரம்பை மூன்று வருடத்துக்குள் ஒரு முறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கூட்டி எழுதிவிட்டுத் தொடாமல் வைத்திருந்தால் மானியத்தில் அதற்கேற்பக் கைவைப்பார்கள். மெஷின் கொட்டேஷனில் ஜி.எஸ்.டி., லாரி வாடகை, மின் இணைப்பு டெபாசிட் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.